பஜ்ஜி எங்கே ஆறியது?

ஓசூரில் ஒரு சிப் கம்பெனி. அங்கே தலைமைப் பொறியாளர் திரிலோகசுந்தரம் வைத்ததுதான் சட்டம். அவர் வடிவமைத்த சர்க்யூட்டில் விடை சரியாக வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. தாமதம் எந்த இடத்தில் என்று பார்க்க, நடுநடுவே சோதனை முனைகள் வைக்க அனுமதி கேட்டாள் புதிதாகச் சேர்ந்த பூங்கோதை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "என் சர்க்யூட்டுக்குள்ள கை வைப்பியா? உள்ள போறதையும் வெளிய வர்றதையும் மட்டும் பார்த்துக் கண்டுபிடி. சாயங்காலத்துக்குள்ள முடியலைன்னா நாளைக்கு வராதே!"

அந்த நேரம் பார்த்து பியூன் மாசிலாமணி பஜ்ஜித் தட்டோடு உள்ளே வந்தார். ஒன்றைக் கடித்த திரிலோகசுந்தரம் துள்ளி எழுந்தார்.

"ஆறி அவலாப் போச்சு! எவன் லேட் பண்ணினான்? கேன்டீன்ல கேக்கறேன், வாட்ச்மேனைக் கேக்கறேன்!"

பூங்கோதை கதவை மறித்தாள். "நடுவுல யாரையும் கேக்கக் கூடாது சார். அனுப்பினது பஜ்ஜி, வந்தது பஜ்ஜி. உக்காந்த இடத்துலயே கண்டுபிடிங்க."

அவர் தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரி, முனைகளை வெச்சுக்கோ," என்று முனகிவிட்டு மாசிலாமணியைக் கை காட்டினார். "இப்பவாவது இவரைக் கேக்கலாமா?"

"தாராளமா சார்."

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "சூடாத்தான் கொண்டாந்தேன் சார். நீங்க கத்தி முடிக்கட்டும்னு வாசல்லயே நின்னுட்டேன்."