நனைந்த நான்கு முடிச்சு

மழை வழிமறந்து போன ஒரு காட்டில், பாறை நடுவே ஒரு பள்ளத்தில் மட்டும் நீர் இருந்தது. வாய் அகன்று, கீழே போகப் போகக் குறுகி, அடியில் கூராக முடியும் பள்ளம் அது. மேலே நின்று பார்ப்பவர்களுக்கு நீர்ப்பரப்பு மட்டுமே தெரியும்.

அங்கே பத்து மான்கள் வந்து சேர்ந்தன. மலைக்கு அப்பால், மூன்று நாள் நடையில், ஓர் ஆறு இருந்தது. ஆனால் கூட்டத்தின் ஒரே குட்டிக்குக் கால் பிசகியிருந்தது. அது தேறும்வரை அங்கேயே தங்குவதென்று மான்கள் முடிவு செய்தன.

அந்தக் காட்டில் அளப்பதற்குப் பேர்போனது நாரை. அது ஒரு கொடியில் சாண் சாணாக முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, பள்ளத்தின் நடுவே இறக்கியது. எட்டு முடிச்சு நனைந்தது.

பதினான்கு நாள் கழித்து மறுபடி இறக்கியபோது நான்கு முடிச்சு நனைந்தது. குட்டி அப்போதுதான் எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தது. மலையேற இன்னும் பத்து நாளாவது வேண்டும் என்றது தாய்மான்.

"கவலை எதற்கு, மானக்கா? பாதி ஆழம் வற்றப் பதினான்கு நாள். மீதிப் பாதிக்கும் பதினான்கு நாள்" என்றது நாரை.

பாறை இடுக்கிலிருந்து ஒரு தவளை தலையை நீட்டியது. தான் தினமும் அடிவரை போய் வருவதாகவும், அங்கே காலை நீட்டக்கூட இடமில்லை என்றும் சொன்னது.

"மேல் பாதியில் ஏழு பங்கு நீர் என்றால், கீழ்ப் பாதியில் ஒரே பங்குதான், அக்கா. பத்துப் பேருக்கு அது இரண்டு நாள். மற்ற எட்டுப் பேரும் இன்றே ஆற்றுக்குப் போய்விட்டால், உங்களுக்கும் குட்டிக்கும் பத்து நாள் வரும்."

நாரை சிரித்தது. "முடிச்சு எண்ணத் தெரியாதவன் பங்கு பிரிக்கிறான். என் அலகு எட்டாத இடத்தில் இருந்தால் வாய் நீளத்தான் செய்யும்."

மான்களும் சிரித்தன. தாய்மான் மட்டும் சிறிது நேரம் தவளையைப் பார்த்தது. பிறகு நனைந்த முடிச்சுகளைப் பார்த்தது. கண்ணுக்குத் தெரிந்ததையே அது நம்பியது.

மூன்றாம் நாள் காலை, இறக்கிய கல் காய்ந்தபடியே மேலே வந்தது.

எட்டு மான்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஆற்றை நோக்கிப் போயின. தாய்மான் போகவில்லை. குட்டி அதன் நிழலில் படுத்திருந்தது.

"இன்னும் பன்னிரண்டு நாளுக்கு இருக்கிறதென்று நாரை மாமா சொன்னாரே, அம்மா?"

தாய்மான் உலர்ந்த நாவால் அதன் முகத்தை நக்கிக்கொடுத்தது.

மறுநாள் குட்டி கண் மூடியது. அதற்கும் மறுநாள் மழை வந்தது.

பள்ளம் விளிம்புவரை நிறைந்தது. தாய்மான் அதன் ஓரத்தில் நின்றது. வெகுநேரம் குனியவே இல்லை. கொடியை அலகில் பிடித்திருந்த நாரை, அதைக் கீழே வைத்துவிட்டுப் பாறை இடுக்கருகே போனது.

"தம்பி, அடியில் எவ்வளவு அகலம்?" என்று கேட்டது.

"அந்தக் குட்டி படுக்கும் அளவுகூட இல்லை, ஐயா" என்றது தவளை.

நீதி: ஆழத்தை மட்டும் அளந்தவர் கொள்ளளவை அறியார், அடியைக் கண்டவர் சொல்லையும் கேட்க வேண்டும்.