லூக் கொடுத்த வாக்கு

கனடாவில் ஒரு சிறு நகரத்துப் பனி ஹாக்கி அணியில் வாகீசன் என்ற தடுப்பாட்டக்காரர் இருந்தார். வயது முப்பத்தெட்டு. பதினாறு ஆண்டுகளாக அதுவே அவர் தொழில். இந்தப் பருவத்தோடு ஓய்வு என்று அறிவித்திருந்தார். ஊர் வழியனுப்பு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

முந்தைய ஆண்டு முகத்தில் பட்ட அடியில் அவருடைய இடக்கண் மங்கிவிட்டது. அணியின் கண் பரிசோதனையில், வலக்கண்ணால் படித்த எழுத்துகளை இடக்கண்ணுக்கும் அப்படியே ஒப்பித்துத் தேறினார். இது இருவருக்குத்தான் தெரியும். ஒருவர் மனைவி சுகந்தினி. மற்றவன் பின்களத்தில் அவருக்கு வலப்பக்கம் நின்று ஆடும் லூக். பருவம் முடியும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று லூக் வாக்குக் கொடுத்தான். சுகந்தினியிடமும் வாகீசன் அதே வாக்கைக் கேட்டார், அவள் கொடுக்காமல் எழுந்து போய்விட்டாள்.

பெப்ரவரியில் ஓர் ஆட்டம். எதிரணி அடித்த ரப்பர் வட்டு இடப்பக்கமாக வந்ததை வாகீசன் காணவில்லை. லூக் தன் இடத்தை விட்டுக் குறுக்கே பாய்ந்து தடுத்தான். தடுப்புச்சுவரில் மோதி அவன் முழங்கால் உடைந்தது.

மருத்துவமனையில் பயிற்சியாளர் கேட்டார்: "உன் இடம் வலப்பக்கம். அங்கே ஏன் போனாய்?"

"என் தவறுதான்" என்றான் லூக்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த வாகீசன் தலையைக் குனிந்துகொண்டார். ஒழுங்கை மீறி ஆடினான் என்று அடுத்த வாரமே லூக்கை அணியிலிருந்து நீக்கினார்கள்.

"நீங்கள் சொல்லுறியளா, நான் சொல்லட்டோ?" என்று கேட்டாள் சுகந்தினி.

"இன்னும் ஒன்பது மட்ச்தான். கொஞ்சம் பொறும்."

அவள் பொறுக்கவில்லை. மறுநாள் காலை பயிற்சியாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். விழா நின்றது. லூக்கைத் திரும்பச் சேர்த்தார்கள். ஆனால் அவன் சுகந்தினிமேல் கோபப்பட்டான். "நான் காப்பாற்றியதை நீங்கள் எப்படி உடைக்கலாம்?" என்றான். வாகீசன், விழாவுக்காகத் தன் படம் ஒட்டியிருந்த கடைவீதிக்கே போவதை நிறுத்தினார்.

வாக்கைக் காத்தவன் லூக். உண்மையைச் சொன்னவள் சுகந்தினி. பேசாமல் நின்றவர் வாகீசன். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: சுகந்தினி செய்ததே சரி. அவள் வாக்குக் கொடுக்கவில்லை. பழியோ குற்றமில்லாதவன்மேல் விழுந்திருந்தது. லூக்கையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாக்கை வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுத்து அவனை விடுவிக்கலாம். மருத்துவமனையில் வாகீசன் ஒரு சொல் சொல்லியிருந்தால் யாரும் எதையும் உடைக்க வேண்டியிருந்திருக்காது. இது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஏப்ரலில் லூக்கின் வீட்டுக்குப் போனார். ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்த லூக், "உள்ளே வாருங்கள்" என்றான். வாகீசனுக்குத்தான் கால் எழவில்லை.