குமுறலுக்கு ஒரு மடி

பஸ் கட்டணம் உயர்ந்தால் ‘பொதுமக்கள் குமுறல்’ என்கிறது செய்தித்தாள். கடலும் குமுறும், இடியும் குமுறும் என்கிறது அகராதி. மனிதன் எப்போது குமுறுகிறான் என்பதில்தான் தகராறு. அந்தத் தகராறு ஒருமுறை சாஸ்தா கோயில் ஒன்றில், காதுகுத்துப் பந்தலிலேயே வந்துவிட்டது.

இசக்கியம்மாள் வீட்டாரை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள். மூன்று வருடப் பகைக்குப் பிறகு, அவள் மகளின் காதுகுத்துக்கு உடன்பிறந்தவர்கள் மூவரும் வந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் மூன்று பேர். வேண்டியது ஒரு மடி.

“நீ போன அன்னிக்கு நான் குமுறின குமுறல் ஊருக்கே தெரியும்” என்றார் மூத்தவர் சுடலைமுத்து. “அண்டாவைத் தூக்கி முற்றத்துல அடிச்சேன்.”

“பக்கத்துல புது டிவி இருந்துச்சே, அதை ஏன் அடிக்கல?” என்றான் நடுவுள்ள உலகநாதன். “குமுறினது நான். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் அழுதேன்.”

“ஆமா, ஆள் வராத நேரத்துல இட்லி தின்ன” என்றார் சுடலைமுத்து.

“சண்டை வேண்டாம். எனக்காக நெசமா குமுறினது யாரோ, அவங்க மடியிலதான் என் பிள்ளை” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள் இசக்கியம்மாள். பிறகு, பந்தல்காலைப் பிடித்து நின்ற தம்பி பேச்சிமுத்துவிடம் திரும்பினாள். “நீ என்னல செஞ்ச?”

“ஒண்ணும் செய்யலக்கா. உன்னைப் பஸ் ஏத்திவிட்டேன். நான் அழுதா நீ ஏறமாட்டேன்னு...”

அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. துண்டை வாயில் அடைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. கூட்டம் பார்க்கிறதே என்று முதுகைத் திருப்பினான், முதுகும் குலுங்கியது.

காது குத்த வந்திருந்த ஆசாரி தங்கக் கம்பியைக் கீழே வைத்தார். “இப்படிக் குலுங்குற மடியில வச்சா காதுல குத்துறது கன்னத்துல குத்தும்மா. நல்ல நேரம் வேற முடியப் போகுது.”

வாக்கைக் காப்பாற்றினால் பிள்ளைக்குக் காயம். நேரத்தைக் காப்பாற்றினால் தம்பிக்குக் காயம். இசக்கியம்மாள் பிள்ளையை யார் மடியில் வைப்பது சரி?

விடை: அண்டாவா டிவியா என்று பார்த்து அடிக்க முடிந்தால் அது கோபம். ஆள் வரும்வரை காத்திருக்க முடிந்தால் அது வருத்தம், அதையும் குறைசொல்வதற்கில்லை. குமுறல் மூன்று வருடம் தாமதமாகவும் வரும், வரக்கூடாத இடத்திலும் வரும். ஆகவே மடி பேச்சிமுத்துவுடையதுதான். குமுறல் அடக்க முடியாதது, ஆனால் தானே ஓயும். இசக்கியம்மாள் ஆசாரியைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, தம்பியின் முதுகில் கைவைத்தபடி உட்கார்ந்தாள். நல்ல நேரம் போயிற்று. பிறகு தம்பியின் மடியில் வைத்துக் கம்பி ஏற்றியபோது பிள்ளை வீறிட்டது; மாமன்கள் மூவரும் கூடவே அழுதார்கள். அதில் எது குமுறல் என்று யாரும் கேட்கவில்லை.