கிளி வைத்த நடைவண்டி

"அழுகிறார்கள், அம்மா" என்றார் ராஜா பூவராகர். "எதை எடுத்தாலும் அழுகிறார்கள்."

அலகம்மை குளத்துப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

ராஜாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அலகம்மைக்கு நாற்பதுகூட இராது. ஆனாலும் ஊரே அவரை ஞானி என்று மதித்தது. மனம் கலங்கினால் குன்றையூர் ராஜா பரிவாரம் இல்லாமல் அவரிடம்தான் வருவார். அவர் உட்கார்ந்திருக்கும் படிக்குக் கீழ்ப்படியில்தான் உட்காருவார்.

அன்று பேச்சு முழுக்க அருங்காட்சியகத்தைப் பற்றி.

தாத்தா காலத்தில் தொடங்கிய சேகரிப்பு அது. தாத்தா செப்புச் சிலைகளாக வாங்கினார். அப்பாவுக்கு ஓவியங்களில் பித்து. பூவராகர் அவற்றுக்கென்று ஒரு மாளிகையே கட்டினார். சலவைக்கல் தரை, உயரமான ஜன்னல்கள், வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிகளை நிரப்ப ஊர் ஊராக ஆள் அனுப்பினார். வீடுகளில் புகையேறிக் கிடந்த விளக்குகள், தொட்டில்கள், மரப்பாவைகள் எல்லாம் வந்து சேர்ந்தன.

சும்மா எடுக்கவில்லை. கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். வீட்டில் இருந்தால் கறையான் தின்றுவிடும், இங்கே பத்திரமாக இருக்கும், வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார்கள். அப்படியும் பெண்கள் வண்டிக்குப் பின்னாலேயே தெருமுனைவரை நடந்து வந்தார்களாம்.

"இது அவர்கள் அறியாமையா? இல்லை, என்மேல் ஏதாவது பிழையா?"

அலகம்மை முற்றிய தண்டுகளை ஒதுக்கிப் போட்டார்.

"வந்து பார்க்கிறேன்" என்றார்.

மறுநாளே வந்தார்.

ராஜா ஒவ்வொரு பெட்டியின் முன்னும் நின்று விளக்கினார். வெறும் பெருமைக்காகப் பேசவில்லை. அந்தப் பொருள்கள்மீது அவருக்கு உண்மையான ஆசை இருந்தது. ஒரு மரக்குதிரையின் கழுத்து வளைவைக் காட்டும்போது விரல் காற்றில் அதே வளைவை வரைந்தது. செதுக்கியவன் யாரோ, எவ்வளவு நல்ல கை பாருங்கள் என்றார்.

அலகம்மை எல்லாவற்றையும் பார்த்தார். கடைசிக் கூடத்தில் நின்றார்.

"இதில் உங்கள் வீட்டுப் பொருள் எது?"

ராஜா சுற்றிலும் பார்த்தார். எல்லாமே அவர் குடும்பம் வாங்கியவைதான். குடும்பத்தில் புழங்கியது என்று ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷத்தில் அது தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

காப்பாளர் தனகோடியும் மற்ற ஊழியர்களும் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே சொன்னார்.

"நீங்களே அரண்மனைக்கு வந்து எடுங்கள், அம்மா. எதைத் தொடுகிறீர்களோ அது இங்கே வரும். என் வாக்கு."

அரண்மனையில் பொக்கிஷ அறையைத் திறந்து வைத்திருந்தார்கள். தந்தச் சிம்மாசனம் இருந்தது. பாட்டனார் போருக்கு எடுத்துச் சென்ற வாள் இருந்தது. அலகம்மை எதன் முன்னாலும் நிற்கவில்லை. கூடத்தைக் கடந்து, மாடிப்படி ஏறினார்.

ராஜா சிரித்தபடியே பின்தொடர்ந்தார்.

ராஜா படுக்கும் அறைக்குள் போனார் அலகம்மை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நடைவண்டி இருந்தது. குழந்தைகள் பிடித்துக்கொண்டு நடை பழகும் மூன்று சக்கர வண்டி. முன்னால் ஒரு மரக்கிளி.

அலகம்மை குனிந்து அதைத் தொட்டார்.

ராஜாவின் சிரிப்பு நின்றது.

"அது வேண்டாம்."

அலகம்மை கையை எடுக்கவில்லை.

அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ராஜாவுக்கு ஒரே மகள் இருந்தாள். நீலா. அந்த வண்டியைத் தள்ளித்தான் நடந்தாள். அதை விட்டுவிட்டு ஓடுகிற வயது வருமுன்னே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் காலையில் எழுந்ததும் ராஜா கட்டிலில் உட்கார்ந்தபடியே அந்த வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளுவார். பிறகு பின்னே இழுப்பார். அதற்கப்புறம்தான் தரையில் கால் வைப்பார்.

"அது கலைப்பொருளே இல்லை, அம்மா. வெறும் மரம்."

"கிளியின் கழுத்தைப் பாருங்கள். நல்ல கை."

"சிம்மாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்."

"இங்கே இருந்தால் கறையான் தின்றுவிடும்" என்றார் அலகம்மை.

ராஜாவின் கை வண்டியின் பிடியை நோக்கி நீண்டது.

"வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்த்துக்கொள்ளலாம்."

வாசலில் தனகோடி பட்டுத் துணியோடு தயாராக நின்றிருந்தார். அவருக்கு இதில் பெருமைதான். குழந்தையைத் தூக்குவதுபோலப் பதமாக வண்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

ராஜா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அப்படியே நின்றதாகத்தான் அவருக்கு நினைவு. பார்த்தால் கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தனகோடி ஏறிப்போன வில்வண்டி தூரத்தில் திரும்பி மறைந்தது. காலில் செருப்பு இல்லை. காவலர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தலை குனிந்திருந்தார்கள்.

அலகம்மை அதற்குள் போய்விட்டிருந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை ராஜா போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் தலைப்பாகை இல்லாமல், ஒரு சாதாரண வேட்டியும் துண்டுமாகப் பின்வாசல் வழியாக வந்தார்.

நடைவண்டி நடுக்கூடத்தில் இருந்தது. பெட்டிக்குள் புதிதுபோலப் பளபளத்தது.

ராஜா கிட்டே போய்க் குனிந்தார். கிளியின் நெற்றியைப் பார்த்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

அங்கே ஒரு கருப்புத் திட்டு இருந்திருக்க வேண்டும். ஒரு காலையில் நீலா தன் நெற்றியிலிருந்த மையை விரலால் தொட்டுத் தொட்டு எடுத்து, கிளிக்கு வைத்த பொட்டு அது. அவள் கைபட்ட அடையாளமென்று இந்த உலகத்தில் அவரிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

இல்லை. மரம் மட்டும் இருந்தது.

அவரைக் கண்டு தனகோடி ஓடி வந்தார். வண்டி நன்றாக வந்திருக்கிறதா என்று ஆவலோடு கேட்டார். நிறைய அழுக்கு இருந்ததாம், பதமாகச் சுரண்டி எடுத்தார்களாம், நெற்றியில் இருந்த ஒரு கறைதான் லேசில் போகவில்லையாம்.

ராஜா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எல்லாவற்றையும் இப்படித்தான் செய்வீர்களா?"

"எல்லாவற்றையும் சுத்தம் செய்துதான் வைக்கிறோம், மகாராஜா. உங்கள் உத்தரவுதானே."

ராஜா நிமிர்ந்து பார்த்தார். கூடம் முழுவதும் விளக்குகள் பளபளத்தன. தொட்டில்கள் பளபளத்தன. பாவைகளின் முகங்களில் ஒரு திட்டு இல்லை, ஒரு கீறல் இல்லை.

அவர் பெட்டியின்மேல் சாய்ந்தார். தனகோடி பதறி, நாற்காலி கொண்டுவர உள்ளே ஓடினார்.

ராஜா இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடிமேல் வைத்து நின்றார். அது குளிர்ந்திருந்தது.

பக்கத்துப் பெட்டியின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நடுவயது. தோளில் ஒரு துணிப்பை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பித்தளைப் பாவை விளக்கு. அவள் அழவில்லை. வெகுதூரம் நடந்து வந்தவள்போல ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள்.

தலைப்பாகை இல்லாத அந்தக் கிழவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு நடைவண்டியைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுதுங்களா?"

ராஜா தலையசைத்தார்.

அவள் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"காலையில வாங்க, ஐயா" என்றாள். "இந்நேரம் கண்ணாடியில வெயில் அடிக்கும். முகம் தெரியாது."