பெரியவனை நிறுத்திப் பார்த்த கதை

பாளையங்கோட்டையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். தாடியும் ஆசிரமமும் தேட வேண்டாம். குருவின் பெயர் ஹெப்சிபா, வயது முப்பத்திரண்டு, நிறைமாதக் கர்ப்பிணி. சீடர் சுடலைமுத்துவுக்குத் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. கேபிள் டிவி கம்பெனியில் வெகுகாலம் ஏணி ஏறிவிட்டு, கணினிகளை இயக்கும் லினக்ஸ் படிக்க இவரிடம் வந்து சேர்ந்தவர்.

ஓர் இரத்ததானக் குழுவின் இணையதளத்தை இருவரும் பார்த்துக்கொண்டார்கள். எந்த வகை இரத்தம் யாரிடம் கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி போனில் தேடுகிறவர்களுக்கான தளம் அது. அதற்கு இரண்டு மெஷின்கள். எல்லாருக்கும் பதில் சொல்வது பெரியவன். பெரியவனுக்கு உடம்பு சரியில்லையென்றால் தோள் கொடுக்கச் சின்னவன்.

குரு அடுத்த வாரம் பிரசவ விடுப்பில் போகிறார். இரண்டு மெஷின்களிலும் எதையும் மாற்ற அதிகாரம் தரும் ரூட் கடவுச்சொல்லை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்று இன்னும் முடிவாகவில்லை. வெளியாள் ஒருவரைப் போடலாமே என்று குழுவில் பேச்சு அடிபட்டது. சுடலைமுத்துவுக்கு அது முள்ளாகக் குத்தியது. இத்தனை நாள் கூட இருந்தும் நம்மை நம்பவில்லையே என்று வருத்தம். வாய்விட்டுக் கேட்கவோ கூச்சம்.

அதனால்தான் பெரியவனில் ஓடி, தளத்தைப் போன்களுக்கு அனுப்பும் வெப் சர்வர் மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றும் வேலையைத் தானே கேட்டு வாங்கினார். அதை வழுவில்லாமல் முடித்துவிட்டால் பிறகு யாருக்கும் பேச இடமிருக்காது என்று கணக்கு.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தார். வருகிறவர்களையெல்லாம் சின்னவன் பக்கம் திருப்பிவிட்டார். குரு ஜன்னலோரம் உட்கார்ந்து நெல்லிக்காயை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

“எல்லாம் தயார் மேடம். ஏத்தவா?”

“பெரியவன் எப்படி இருக்கான்?”

“அவனுக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கான். போன ஆடியிலேர்ந்து ஒரு தடவைகூட நிக்கலே.”

“அப்போ எந்திரிப்பானான்னு யாருக்கும் தெரியாது.”

சுடலைமுத்து புரியாமல் பார்த்தார்.

“சர்வரை நிறுத்திட்டு, மறுபடி ஆரம்பிங்க அண்ணாச்சி.”

“ஏத்தின பொறவா?”

“ஏத்துறதுக்கு முன்னால.”

“எதையும் மாத்தாமலா?”

“எதையும் மாத்தாம.”

“சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நல்லா ஓடிக்கிட்டு இருக்கதை எதுக்கு மேடம் நிறுத்தணும்?”

குரு இன்னொரு நெல்லிக்காயை எடுத்தார்.

நம்மை நம்பாமல்தான் இந்தச் சோதனை என்று சுடலைமுத்துவுக்குள் புகைந்தது. நிறுத்தினார். ஆரம்பித்தார்.

எழும்பவில்லை.

மறுபடி கட்டளை கொடுத்தார். திரையில் அதே சிவப்பு வரி வந்து நின்றது. தளத்தின் சான்றிதழைக் காணவில்லை என்றது. இது அசல் தளம்தான் என்று வருகிறவர்களின் போனுக்குக் காட்டுகிற சான்றிதழ் அது. எந்த ஃபோல்டரில் தேடியது என்பதையும் திரை சொன்னது.

அந்த ஃபோல்டரின் பெயரைப் படித்ததும் சுடலைமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. போன மாதம் பழைய குப்பை என்று அவரேதான் அதை அழித்தார். அழித்த கையோடு தளத்தைத் திறந்தும் பார்த்தார். திறந்தது. இடம் மிச்சமானதில் அன்றைக்குப் பெருமை வேறு. பெரியவன் கிளம்பும்போதே சான்றிதழைப் படித்து நினைவில் வைத்துக்கொண்டவன். காலடியில் இருந்ததை உருவியது அவனுக்கு ஒரு மாதமாகத் தெரியவேயில்லை.

குரு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஃபைல் தொலைந்திருக்கிறது மேடம் என்று சொன்னால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். கடவுச்சொல்லும் கைக்கு வந்தாலும் வரும். முழுப் பூசணிக்காய், கொஞ்சம் சோறு. சுடலைமுத்து ஒரு நிமிஷம் அந்தச் சோற்றைப் பார்த்தபடி இருந்தார்.

“மேடம், பெரியவன் எந்திரிக்க மாட்டேங்கான். நான்தான் காரணம். அவனுக்கு வேண்டிய ஃபோல்டரைப் போன மாசம் குப்பைன்னு அழிச்சது நான்தான்.”

“சரி.”

“நேரா புதுசை ஏத்தியிருந்தேன்னா, புதுப் பதிப்புலதான் கோளாறுன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருப்பீங்க.” குரு கொட்டையைத் தாளில் துப்பினார். “இப்ப ரத்தம் தேடுறவங்களுக்குக் கிடைக்குதா?”

“கிடைக்குது மேடம். சின்னவன் பதில் சொல்லிக்கிட்டுதான் இருக்கான்.”

சொல்லி வாய் மூடவில்லை, சுடலைமுத்துவின் கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. பெரியவனும் சின்னவனும் ஒரே தளத்துக்குப் பதில் சொல்கிறவர்கள். அண்ணனிடம் இருந்த சான்றிதழ் தம்பியிடமும் இருக்க வேண்டுமே. தேடினார். இருந்தது. அதைப் பெரியவனுக்கு எடுத்துவந்து, பழைய பெயரிலேயே ஃபோல்டர் போட்டு வைத்தார்.

ஆரம்பித்தார். பெரியவன் எழுந்தான்.

அதற்குப் பிறகுதான் புதுப் பதிப்பை ஏற்றினார். தகராறு இல்லாமல் ஏறியது.

“ஓடுது மேடம்” என்று வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கேட்காமலே சர்வரை ஒருமுறை நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். எழுந்தது. தம்பியிடம் நின்றவர்களைப் பெரியவனிடம் திருப்பிவிட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குரு மேசையைப் பிடித்து மெல்ல எழுந்தார். ஒரு துண்டுத்தாளில் எதையோ எழுதி அவர் முன்னால் வைத்தார். ரூட் கடவுச்சொல்.

சுடலைமுத்து அதைத் தொடவில்லை. வேண்டும் வேண்டும் என்று இருந்த பொருள், கிட்டே வந்ததும் பயமாக இருந்தது.

“வேண்டாம் மேடம். வெளியாளையே போடுங்க. இன்னைக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்க, சமாளிச்சாச்சு. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கையில விழுந்துட்டா நான் என்ன செய்ய?”

குரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“ஒரு தடவை நிறுத்தச் சொன்னதைத் தவிர இன்னைக்கு நான் என்ன செஞ்சேன் அண்ணாச்சி? ரெண்டாம் தடவை அதையும் நீங்களாத்தானே செஞ்சீங்க.”

சுடலைமுத்து ஜன்னலோரம் பார்த்தார். தாளில் நெல்லிக்காய்க் கொட்டைகள் கிடந்தன.