பேச்சித்தாய்க்கு எழுதிய அளவு

செல்வின் டாக்டருக்கு வயிறு எரிந்தது. ஐம்பத்திரண்டு வயது, இருபத்தைந்து வருஷம் சொந்த கிளினிக், தெருவில் இறங்கினால் ஊரே கும்பிடும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து எரிந்தது.

மருந்தியல் மேற்படிப்புக்காக அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவர் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அவருடைய ஆசிரியை டாக்டர் இசக்கியம்மாள் அவரைவிட எட்டு வயது இளையவர். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது, கூடப் படிக்க வந்த பெனாசிரை. அவளுக்கு இருபத்தேழு வயது. அவர் மகளுக்கும் அதே வயதுதான்.

வியாழக்கிழமைதோறும் இதய வால்வு மாற்றியவர்கள் வருவார்கள். வால்வில் ரத்தம் உறைந்துவிடாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள். அளவு குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். கூடினால் உடம்பில் எங்காவது ரத்தம் கசிந்து நிற்காது. கீரையோ வேறு மருந்தோ சேர்ந்தாலும் மாத்திரையின் வேகம் மாறிவிடும். ஆளுக்கொரு மஞ்சள் அட்டை உண்டு. ரத்தச் சோதனையைப் பார்த்து அளவை அட்டையில் எழுதி, ஆசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

பெனாசிர் நீட்டும் அட்டையை இசக்கியம்மாள் ஒரு பார்வை பார்ப்பார். "பிரமாதம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். செல்வின் நீட்டினால் மட்டும் விசாரணை நடக்கும்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறாங்களான்னு கேட்டீங்களா சார்?"

"கேட்டேன் மேடம்."

"கீரை?"

"அதையும் கேட்டேன்."

"இன்னொரு தடவ கேட்டுட்டு வந்துருங்க சார்."

அவளுக்கு வாம்மா, போம்மா. இவருக்கு வாங்க, போங்க, சார். மரியாதையை அவர் வாழ்நாளில் இவ்வளவு வெறுத்ததில்லை. ஒரு நாள் 'போய்யா' என்று திட்டியிருந்தால்கூட வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

ஒரு வியாழக்கிழமை அவரால் அடக்க முடியவில்லை. பெனாசிர் வெளியே போனதும் கேட்டுவிட்டார்.

"ஒரே படிப்பு, ஒரே வேலை. அவளுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி. ஏன் மேடம்?"

இசக்கியம்மாள் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"வெளிய ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க சார். ஒரே வீட்டுக்காரங்க. அளவெல்லாம் போன வாரமே எழுதியாச்சு, மாத்த வேண்டாம். அவங்க அட்டைய முழுசாப் படிச்சுட்டு, விளக்கிச் சொல்லி அனுப்புங்க."

பதிலுக்குப் பதிலாக ஒரு வேலை. செல்வின் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து போனார்.

வெளியே இருந்தவர்கள் பேச்சித்தாயும் முப்பிடாதியும். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிறவர்கள். ஒரே வருஷம் இருவருக்கும் வால்வு மாற்றியிருந்தது. எடையில்கூட இரண்டு கிலோ வித்தியாசம் கிடையாது.

"அய்யா, நீங்களாவது ஞாயத்தச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தாள் பேச்சித்தாய். "அந்த வீட்டுக்கு மூத்தவ நான். எனக்கு ஒத்தப் பொடி மாத்திரை. இவளுக்கு ஒரு பெருசு, ரெண்டு சிறுசு. இவ என்ன வானத்துலேருந்து குதிச்சவளா?"

"எனக்கு நோவு பெருசுக்கா" என்றாள் முப்பிடாதி. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

செல்வின் அட்டைகளைப் பார்த்தார். முப்பிடாதிக்கு நாளைக்கு ஏழு மில்லிகிராம். பேச்சித்தாய்க்கு ஒன்று. ஏழில் ஒரு பங்கு. இரண்டும் பெனாசிரின் கையெழுத்தில் இருந்தன. அட்டையின் பின்பக்கத்தில் மரபணுச் சோதனைச் சீட்டு ஒட்டியிருந்தது. அவர் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தக் கையெழுத்தைத் தாண்டி அவர் கண் போகவில்லை.

"நானா இருந்தா இவ்வளவு கம்மியா எழுதியிருக்க மாட்டேன்" என்றார். "எழுதினது சின்னப் பொண்ணு. அனுபவம் பத்தாது."

அவ்வளவுதான் சொன்னார். அளவை மாற்றவில்லை. பத்து மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு வயிறு குளிர்ந்தது.

ஒன்பதாம் நாள் காலை பேச்சித்தாயை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூக்கிலும் ஈறிலும் ரத்தம் நிற்கவில்லை. தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"எம் அட்டையக் கொண்டுபோயிக் காட்டி, கடையில எம் மாத்திரையவே வாங்கித் தின்னுருக்காய்யா! எனக்குத் தெரியாம, தெனமும் தின்னுருக்கா!"

செல்வின் தள்ளுகட்டிலைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். இவள் செத்தால் கொன்றது நான்தான் என்று நினைத்தார். அந்த நினைப்பு இரண்டு நாள் அவரைவிட்டுப் போகவில்லை. ஊசி போட்டார்கள், பிளாஸ்மா ஏற்றினார்கள். அவர் கட்டிலைவிட்டு நகராமல் நின்றார். பெனாசிர் ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்து வைத்தாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. இசக்கியம்மாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். செல்வின் தலைமாட்டில் நின்றார்.

"எனக்கு மட்டும் ஏன் தாயி கொறச்சல்?" பேச்சித்தாய் அப்போதும் அதையே கேட்டாள்.

"முழுங்குன மருந்த உடம்பு கழிச்சு வெளிய தள்ளணும் பேச்சித்தாயி. அதுக்குக் கல்லீரல்ல வேலையாள் இருக்கான். முப்பிடாதிக்கு வாச்சவன் சுறுசுறுப்பு. போடப் போடக் காலி பண்ணிருவான். அதனால அள்ளிக் குடுக்கணும். ஒனக்கு வாச்சவன் மந்தம். இன்னைக்குக் குடுத்தது அடுத்த வாரமும் உள்ளயே கெடக்கும். பொறவியே அப்படி. ஒங்க அப்பன் ஆத்தா குடுத்த சொத்து."

"எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கொழுப்பு மாத்திரை குடுத்தப்ப, தொடையெல்லாம் வலின்னு கத்துனாவளே. அவுகளுக்கும் வேலையாள் மந்தமா?"

"இல்ல. அவருக்கு வாசல்ல நிக்கிற காவக்காரன் சரியில்ல. அந்த மருந்தக் கல்லீரலுக்குள்ள சட்டுனு விட மாட்டேங்கான். அது ரத்தத்துலயே சுத்தி, சதையப் போயிக் கடிக்கி. அவருக்கும் அளவக் கொறச்சாச்சு."

பேச்சித்தாய் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப, அவ ஒசத்தின்னு கூடக் குடுக்கல?"

"அவகிட்ட நிக்காதுன்னு கூடக் குடுத்தோம்."

"சரிதான்" என்றாள் பேச்சித்தாய். மூன்று நாளில் முதல் தடவையாக முப்பிடாதியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

வராந்தாவுக்கு வந்ததும் செல்வின் ஆசிரியையை நிறுத்தினார்.

"அளவு கம்மின்னு அவகிட்டச் சொன்னது நான்தான் மேடம்."

"தெரியும் சார். அவ புருஷன் சொன்னார்."

"சீட்டையும் படிக்கல. பெனாசிர் மேல இருந்த பொறாமை. என்னை அனுப்பிருங்க."

"அனுப்பிட்டா உங்க கேள்விக்கு எங்க போய்ப் பதில் தேடுவீங்க?"

இசக்கியம்மாள் திரும்பிப் பார்த்தார். வராந்தாக் கோடியில் பெனாசிர் போய்க்கொண்டிருந்தாள்.

"பெனாசிர்! போன வியாழக்கிழமை உன் அட்டையப் பாத்துட்டு என்னம்மா சொன்னேன்?"

"வியாழக்கிழமையா மேடம்?" அவள் நெற்றியைச் சுருக்கினாள். "ஞாபகம் இல்லையே. ஏதும் தப்பாயிருச்சா?"

"ஒண்ணுமில்ல, போம்மா."

அவள் போனதும் இசக்கியம்மாள் செல்வின் பக்கம் திரும்பினார்.

"உங்கள நான் என்னைக்காவது பாராட்டியிருக்கேனா சார்?"

"ஒரே ஒரு தடவ." யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஜூன் பத்தொன்பது, வியாழக்கிழமை. உடன்குடிக்காரர் ஒருத்தர் அட்டை. மூணாம் நம்பர் ரூம் வாசல்ல நின்னு, 'ரொம்பச் சரியாப் பிடிச்சீங்க சார்'னு சொன்னீங்க."

"அதுக்கப்புறம் நாலு வாரம் நீங்க எழுதின அட்டைகள எடுத்துப் பாத்தீங்களா? ஒருத்தர்கிட்டயும் கீரையக் கேக்கல. வேற மருந்தக் கேக்கல."

செல்வின் அந்த அட்டைகளை மனதுக்குள் புரட்டினார்; ஒன்றிலும் கீரை இல்லை.

"இப்பச் சொல்லுங்க சார்" என்றார் இசக்கியம்மாள். "உங்களுக்கு நான் எவ்வளவு எழுதட்டும்?"