முதுகு காட்டும் அட்டை

மனிதர்களுக்குச் சமமாக, ஏன், அவர்களைவிடக் கூடுதலாகவே கிளிகள் சொந்தப் பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், சங்கிலி என்ற சோசியக்காரனிடம் ஒரு பச்சைக்கிளி இருந்தது. அப்போதெல்லாம் பலன் சொல்வது கிளியின் வேலை. கூண்டைத் தூக்குவது, சந்தைப் புளியமரத்தடியில் துணி விரிப்பது, அட்டைகளைப் பரப்புவது, வந்தவர்கள் கொடுக்கிற கம்பையோ சோளத்தையோ மடியில் கட்டிக்கொள்வது, இவ்வளவுதான் சங்கிலிக்கு. கிளிதான் வெளியே வந்து அட்டையை எடுக்கும், பார்க்கும், சொல்லும். பாவம், பறக்கப் பிறந்தது பேசிப் பேசியே ஓய்ந்துபோயிருந்தது.

ஒரே பலனை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? முருகன் வந்தால் கல்யாணம், லட்சுமி வந்தால் வெள்ளாமை. சொன்னதும் எழுந்து போகிறார்களா என்றால் அதுதான் இல்லை. "எப்ப?" என்பார்கள். "எந்தத் திசையில?" என்பார்கள். "இன்னொருக்கா நல்லாப் பாத்துச் சொல்லு" என்று குத்தவைத்து உட்கார்ந்தேவிடுவார்கள். கிளியின் தொண்டை வறண்டுபோகும். எப்போதடா கூண்டுக்குள் போய்க் கண்ணை மூடுவோம் என்று இருக்கும்.

அந்த அட்டைக்கட்டுக்குள் வம்பு பிடித்த அட்டை ஒன்று உண்டு. மற்ற அட்டைகளில் சாமிகளெல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, இதில் மட்டும் ஓர் உருவம் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தது. தலையில் முக்காடு, தோளில் ஒரு மூட்டை, முன்னால் ஒரு பாதை. ஆணா பெண்ணா தெரியாது. சாமியா மனுசரா, அதுவும் தெரியாது. எழுதினவன் யாரோ, எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"இது யாருன்னு நெசமாவே உனக்குத் தெரியுமா?" என்று சங்கிலி ஒருதரம் கேட்டான்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? கேக்குறவங்க மூஞ்சியப் பாத்து, அதுக்குத் தோதா ஒண்ணச் சொல்லி அனுப்புறேன். நோயாளி வந்தா நோய் போகுதுன்னு சொல்லுவேன். வழிப்போக்கன் வந்தா சாமி முன்னால நடக்குதுன்னு சொல்லுவேன். இந்தச் சனியனத் தூக்கித்தான் போடேன்."

"கட்டுல ஒண்ணு குறைஞ்சா மத்ததும் பலிக்காது தாயி" என்று சங்கிலி அதைப் பத்திரமாக உள்ளே சொருகிக்கொண்டான்.

அந்த வருசம் மழை கைவிரித்துவிட்டது. கிணறுகளில் சேறுதான் மிச்சம். சனங்கள் மலைக்கு அந்தப் பக்கம் பிழைக்கப் புறப்பட்டார்கள். புறப்படுமுன் ஒவ்வொருவரும் கிளியிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இருக்கவா, போகவா? காலையிலிருந்து அதற்கே பதில் சொல்லிச் சொல்லிக் கிளிக்குத் தலை தொங்கிவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்துக்கு இருளாயி வந்தாள். இடுப்பில் பிள்ளை, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. அவள் புருசன் தானியம் தேடிக் கிழக்கே போனவன், போனவன்தான். ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி வண்டி அவளுடைய அண்ணனுடையது. சந்தை முக்கில் மாட்டைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தது.

"கிளியாத்தா, நான் போயிட்டா அவுக வந்து பூட்டுன வீட்டத்தான் பாப்பாக. போகலேன்னா பிள்ளைக்குத் தண்ணி கிடையாது. அவுக வருவாகளா? அத மட்டும் சொல்லு."

கிளி அட்டையை எடுத்தது. முதுகு காட்டும் அட்டை. இருளாயி அதை உற்று உற்றுப் பார்த்தாள்.

"இது வர்றதா, போறதா?"

கிளி கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லித் தொலைத்தால் போகலாம். "வர்றாரு ஆத்தா. வீட்டுல போய் இரு" என்றது. அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருளாயி வண்டியை அனுப்பிவிட்டாள்.

ஊர் காலியான பிறகு அங்கே சோசியம் கேட்க ஆளேது? சங்கிலியும் கூண்டைத் தூக்கிக்கொண்டு வேறு சந்தைகளுக்குப் போய்விட்டான். நல்ல மழை பெய்து, சனங்கள் வீடு திரும்பின பிறகுதான் பழைய புளியமரத்தடிக்கு வந்து துணி விரித்தான். முதல் ஆளாக இருளாயி வந்து உட்கார்ந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லை.

"அவுக மலைக்கு அந்தப் பக்கம் எங்கண்ணன் வீட்டுக்கே போயிட்டாக" என்றாள் இருளாயி. "நான் அங்கதான் வந்திருப்பேன்னு. நான் வரலேன்னதும் இங்க ஓடியாந்தாக. அதுக்குள்ள பிள்ள போயிருச்சு."

இருளாயி கிளியிடம் கேட்டாள்: "அன்னைக்கு அட்டையப் பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் கிளியிடம் தெம்பில்லை. "பாக்கல ஆத்தா. அலுத்துப்போயிருந்தேன்."

அவள் வையவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. "நானும் அலுத்துப்போய்த்தான் வந்தேன். முடிவெடுக்கச் சத்தில்லாமத்தான் உன்கிட்டக் கேட்டேன்" என்றாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டாள். பக்கத்தில் வைத்திருந்த விதைச்சோள மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அதுவரை பலன் கேட்டவர்கள் எழுந்து திரும்பிப் போவதைக் கிளி பார்த்ததில்லை. சொன்ன கையோடு கூண்டுக்குள் போய்க் கண்ணை மூடிக்கொள்ளும். அன்றைக்குத்தான் ஒருத்தி போவதை முழுசாகப் பார்த்தது. முக்காடு, மூட்டை, பாதை. அட்டையில் இருந்தது சாமியும் இல்லை, பூதமும் இல்லை. பலன் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மனுசர். கிளி சொன்ன சொல்லைச் சுமந்துகொண்டு போகிறவர். எத்தனை பேரை இப்படி அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தது.

அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தார். "எடு தாயி" என்றான் சங்கிலி.

கிளி ஓர் அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தது. வைத்துவிட்டுத் திரும்பிக் கூண்டை நோக்கி நடந்தது.

"பலனைச் சொல்லாமப் போறியே?"

"நீயே சொல்லு. இனிமே எனக்குன்னு ஒரு சொல்லும் வேண்டாம்" என்றது கிளி. அதுதான் அது சொந்தமாகப் பேசின கடைசிப் பேச்சு.

அன்று முதல்தான் கிளி நாம் சொல்வதை மட்டுமே திருப்பிச் சொல்கிறது. சோசியக்காரனிடம் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, பலன் என்னவென்று கேட்கக்கூட நிற்காமல், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூண்டுக்குள் போய்விடுகிறது.